இரண்டு சம்பந்திகளும் ஒரு சிலிண்டர் ஹெட்டும்

மருந்துக்கடைக்காரருக்கும் அவருடைய சம்பந்திக்கும் நடுவே, பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடங்களாக ஒரு சின்ன வாக்குவாதம்கூட வந்ததில்லை. கேட்கிறவர்களுக்கு இது பெருமையான விஷயம். கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதிலிருக்கும் அவஸ்தை தெரியும். ஒருவர் உட்காராமல் மற்றவர் உட்கார மாட்டார். ஒருவர் கையலம்பப் போனால் மற்றவர் துண்டோடு பின்னால் நிற்பார். சம்பந்தி "மழை வரும்போல இருக்கே" என்றால், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும் வெயிலிலும் மருந்துக்கடைக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். பெண்ணைக் கொடுத்தவர் அவர். விட்டுக்கொடுப்பது தன் பங்கு என்று நினைத்திருந்தார். பையனைப் பெற்றவரோ, பிள்ளை வீட்டுக்காரன் என்ற மிதப்பு தனக்கு இருப்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவரைவிட ஒரு படி கீழே இறங்கிப் பணிவார். இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு இறங்கியதில் இரண்டு பேரும் தரைமட்டத்துக்கும் கீழே போய்விட்டார்கள் என்பது பையனின் அம்மாவான சம்பந்தியம்மாவின் கருத்து.

சம்பந்தி தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் கை வைத்த தரையில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்று பேச்சு. எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் புது வாடகை வீட்டுக்குக் குடி மாறிய சில வாரங்களில், ஒத்தாசைக்கென்று பாலிஷ்காரரும் அவர் மனைவியும் ஒரு பக்கமிருந்து வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு இன்னொரு பக்கமிருந்து வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே மாப்பிள்ளையின் கார் படுத்துவிட்டது.

அது பாலிஷ்காரர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார். கல்யாணத்தின்போது ஆசை ஆசையாக மகனுக்குக் கொடுத்தார். சமதரையில் அது கார்தான். மேடு என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும், மாமியார் வீட்டுக்குக் கடன் கேட்கப் போகிறவனைப்போல் தயங்கித் தயங்கி ஏறும். வீட்டுக்கு வருகிற சாலையோ ஒரே ஏற்றம். நடந்து போகிறவர்கள் ஜன்னல் வழியாக நலம் விசாரித்துவிட்டு முன்னால் போய்விடுவார்கள். "வண்டி எப்படிங்க சம்பந்தி?" என்று பாலிஷ்காரர் கேட்கும்போதெல்லாம் மருந்துக்கடைக்காரர், "நிதானமான வண்டிங்க. பதற்றமே கிடையாது" என்று சொல்லிவந்தார். அன்றைக்கு அந்த நிதானம் அதே ஏற்றத்தில் வெள்ளைப் புகையாகக் கிளம்பி, வண்டி நின்றது. எஞ்சினுக்கும் அதன்மேல் மூடிபோல் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கிற கேஸ்கெட் தகடு போய்விட்டது.

மாப்பிள்ளைக்குக் கைவேலை தெரியும். ஹெட்டைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்தான். அடிப்பக்கத்தைப் பட்டறையில் மட்டமாகச் சீவி வாங்கினான். வால்வுகளை எடுத்து, எது எந்த இடத்துக்கு என்று குறித்து முட்டை அட்டையின் குழிகளில் நிறுத்திவைத்தான். புது கேஸ்கெட் வர வாரக்கடைசி ஆகும் என்றார்கள். அதற்குள் அலுவலக வேலையாக வெளியூர் போக வேண்டி வந்தது. ஹெட்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பால்கனி மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான். 'தொடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான். அவனும் அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைதானே.

மருந்துக்கடைக்காரருக்கு வெளியே சொல்லாத ஆசை ஒன்று இருந்தது. மத்தியானம் கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கைபேசியில் எஞ்சின் பிரிக்கிற வீடியோக்களாகப் பார்ப்பார். வாழ்க்கையில் ஒரு ஸ்பேனரைக்கூட அவர் பிடித்ததில்லை. ஆனால் காற்று எந்த வழியாக எஞ்சினுக்குள் போகிறது, புகை எந்த வழியாக வெளியேறுகிறது, அந்த வழிகளில் வார்ப்பின்போது தங்கிவிட்ட கரடுமுரடைச் சீவி அகலப்படுத்தினால் எஞ்சின் எப்படி மூச்சுவிடும் என்பதெல்லாம் மனப்பாடம். அதற்குப் போர்ட்டிங் என்று பெயர் என்பதும் தெரியும். இத்தனை நாள் கண்ணாடிக்குள் பார்த்த பண்டம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்தது.

மெல்லத் தாளைப் பிரித்தார். ஒரு பக்கம் காற்று நுழைய நான்கு துவாரங்கள், எதிர்ப்பக்கம் புகை வெளியேற நான்கு. ஒன்றில் விரலை விட்டுத் தடவினார். வீடியோவில் சொன்ன அதே கரடு, அதே விளிம்பு. பின்னால் காலடிச் சத்தம் கேட்டு, திருடன் அகப்பட்டதுபோல் விரலை எடுத்தார்.

"என்ன சம்பந்தி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. உள்ள கொஞ்சம் சொரசொரப்பா இருக்கு. அதான்."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சு அதோடு போயிருக்கும். சொரசொரப்பு என்பது பாலிஷ்காரருக்கு யாரோ தன் குடும்பத்தைத் திட்டியதுபோல. குனிந்து தன் விரலை விட்டார். முகம் மாறியது.

"இதை இப்படியேவா வெளிய விட்டாங்க?"

"வார்ப்புல அப்படித்தான் வருமாம்."

"இப்படி ஒரு தரையை நான் விட்டுட்டு வந்திருந்தா, வீட்டுக்காரன் என்னை அதுலயே போட்டுத் தேய்ச்சிருப்பான்" என்றார் பாலிஷ்காரர். உள்ளே போய்த் தன் பையைத் திறந்தார். மாடிப்படி மூலை, சுவரோரம் என்று பெரிய மெஷின் போகாத இடங்களுக்கென்று அவர் வைத்திருந்த கைக் கிரைண்டர் அதில் இருந்தது. ஊருக்குப் போகும்போது மாற்றுச் சட்டையை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார். அலுமினியத்தைச் சீவுகிற முனைகளையும் எமரித் தாளையும் மருந்துக்கடைக்காரர் அன்றைக்கே ஹார்ட்வேர் கடையில் வாங்கிவந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள், பால்கனியில் முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"சும்மா துடைக்கிறோம்மா."

"துடைக்கிறதுக்கு எதுக்குப்பா கரன்ட்டு?" என்றவள், மாமனார் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்த வண்டிக்கு இவ்வளவு வேணுமா…" என்று ஆரம்பித்து, பாதியிலேயே விழுங்கிவிட்டு உடை மாற்றப் போய்விட்டாள்.

யார் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. புகைப் பக்கம் கரி பிடித்த பக்கம். அதைச் சம்பந்திக்குக் கொடுப்பது மரியாதையில்லை என்று இருவருமே அதைத்தான் கேட்டார்கள். கடைசியில் பெண் வீட்டுக்காரர் என்ற முறையில் மருந்துக்கடைக்காரர் ஜெயித்துக் கரியை எடுத்துக்கொண்டார். காற்றுப் பக்கம் பாலிஷ்காரருக்குப் போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. புகை வழியை எவ்வளவு வழவழப்பாக்கினாலும் நல்லதுதான்; கரி ஒட்டாது. காற்று வழியில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பை விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் காற்றோடு வருகிற பெட்ரோல் சுவரில் ஒட்டி வழியாமல் கலந்து போகும் என்று எல்லா வீடியோவிலும் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தரையில் முகம் பார்க்க வைக்கிற மனிதரிடம் போய், அதுவும் சம்பந்தியிடம், "கொஞ்சம் மட்டமா பண்ணுங்க" என்று எந்த வாயால் சொல்வது?

வேலை நடந்தது. குழாய்கள் வந்து சேருகிற இடத்துப் பழைய கேஸ்கெட்டை வைத்துத் துவாரத்தைச் சுற்றி மருந்துக்கடைக்காரர் மார்க்கரால் கோடு போட்டார். சீவிய மட்டமான முகத்தில் கீறல் விழாமலிருக்கக் கடையில் பேண்டேஜ் ஒட்டுவதுபோல் பிசிறில்லாமல் டேப் ஒட்டினார். வால்வு வந்து உட்காருகிற வளையத்தில் பஞ்சு வைத்து அடைத்தார். கிரைண்டர் முனையில் அலுமினியம் அப்பிக்கொண்டபோது மண்ணெண்ணெயில் நனைத்தால் அப்பாது என்று அவர்தான் சொன்னார். பாலிஷ்காரரின் கையோ பழகின கை. ஒரு துளி நடுக்கமில்லாமல் வளைவு வளைவாக உள்ளே போய்வந்தது. தூள் வெள்ளிப்பொடியாகப் பறந்து, காயப்போட்ட துணிமேலெல்லாம் படிந்தது.

"இந்த வீட்டுல இனிமே எல்லாரும் மினுமினுன்னுதான் இருக்கணும்போல" என்று சம்பந்தியம்மா தன் துண்டை உதறிக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாடி மாதிரி வந்திருக்கா, பாருங்க" என்று பாலிஷ்காரர் டார்ச்சை அடித்துக் காட்டினார்.

வந்திருந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே வழுக்கிக்கொண்டு ஓடியது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"பிரமாதங்க. ஆனா… அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சும்பாங்க இல்ல?"

"அது அமுதத்துக்குங்க" என்றார் பாலிஷ்காரர். "பாலிஷுக்குக் கிடையாது."

அடுத்த சிக்கல் அகலத்தில் வந்தது. பாலிஷ்காரர் தன் பக்கத் துவாரம் ஒன்றை முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். "உங்களுது அடக்கமா இருக்கு. நான்தான் ஆசையில பெருசு பண்ணிட்டேனோ?" என்று வருத்தப்பட்டார். அவர் மனம் கோணக் கூடாதே என்று மருந்துக்கடைக்காரர் தன் பக்கத்தையும் கொஞ்சம் சீவினார். "இப்போ சரிசமமா இருக்கு பாருங்க." மறுநாள் பார்த்தால், சம்பந்தி தனக்காக இவ்வளவு சீவியிருக்கும்போது தான் அவருக்குக் குறைச்சலாகச் செய்தால் நன்றாக இருக்காது என்று பாலிஷ்காரர் இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் போட்ட கோடு என்றைக்கோ தூளாகப் பறந்துவிட்டது. புகைத் துவாரத்தின் சுவருக்கு அந்தப் பக்கம், எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் ஓடுகிறது. நடுவே இருக்கிற சுவர் ரொம்ப கனமில்லை. இதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சீவினார். ஒவ்வொரு தடவையும் 'போதும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வரும். சம்பந்தியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புகைப் பக்கத்தின் கடைசித் துவாரத்துக்கு வந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை விட்டா மத்ததோட சேர்ந்துடும், இல்லீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர். 'வேண்டாம், விடுங்க' என்று சம்பந்தி சொல்ல மாட்டாரா என்றுதான் கேட்டார்.

பாலிஷ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க இஷ்டங்க."

விட்டார். கிரைண்டரின் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் சட்டென்று இறங்கியது. நிறுத்திவிட்டு டார்ச்சை அடித்தார். வழவழப்பான சுவரின் நடுவே, எள்ளளவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஊதிப் பார்த்தார், போகவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, ஹெட்டின் தண்ணீர் வழியில் விட்டார். எள்ளிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, வழிந்தது.

மருந்துக்கடைக்காரர் அதை விரலால் துடைத்தார்; இன்னொரு சொட்டு வந்தது.

"சத்தம் மாறினப்பவே நினைச்சேன்" என்றார் பாலிஷ்காரர், வாய் தவறி.

"என்ன சத்தம்?"

"அடியில வெத்திடம் இருந்தா சத்தம் மாறுங்க. கல்லு சரியா பிடிக்காத தரையில மெஷின் விட்டா இப்படித்தான் கேக்கும். நேத்துலேருந்தே உங்க பக்கம் அப்படித்தான் கேட்டுச்சு."

"நேத்துலேருந்தேவா? ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிங்க சொல்றது? அவ்வளவு ஆசையா பண்ணிட்டிருக்கீங்க. நீங்க பொண்ணு குடுத்தவரு. நிறுத்துங்கன்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"ஓட்டை விழுந்தது மட்டும் நல்லா இருக்கா?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக மருந்துக்கடைக்காரரின் குரல் உயர்ந்தது. உயர்ந்த குரலைக் கேட்டு அவரே ஒரு நொடி திகைத்தார். திகைப்பு தெளிந்தபோது, அது அவ்வளவு மோசமாக இல்லை என்று பட்டது. "அப்போ நானும் ஒண்ணு சொல்லிடறேன். உங்க பக்கத்தைக் கண்ணாடியாக்கி வெச்சிருக்கீங்களே, அது தப்பு. அங்க கொஞ்சம் சொரசொரப்பு இருக்கணும். பெட்ரோல் காத்தோட கலக்கணும்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாளே."

"முதல் நாளேவா?" பாலிஷ்காரர் தன் விரல்களை விரித்துக் காட்டினார். நுனியில் ரேகையே இல்லை. "கைநாட்டு வெக்கச் சொன்னாக்கூட இனிமே விழாது. இந்தக் கை தேயறதைப் பக்கத்துல நின்னு பாத்துட்டுப் பிரமாதம்னீங்க."

"கண்ணாடி மாதிரி இருக்கான்னு கேட்டீங்க. இருந்துச்சு. சொன்னேன்."

"அப்போ வண்டி நிதானம்னு சொன்னீங்களே. அதுவும் இந்த லட்சணம்தானா?"

மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். அணை உடைந்த பிறகு மதகை மூடி என்ன பயன். "அது நிதானம் இல்லீங்க சம்பந்தி. எருமை."

பாலிஷ்காரருக்கு மூக்கு சிவந்தது. "போன வருஷம் எனக்கு ஒரு இருமல் மருந்து குடுத்து அனுப்பினீங்க. அருமையா கேட்டுதுன்னு ஃபோன் பண்ணினேன் இல்ல? ஒரு மண்ணும் கேக்கல. பாதியைத் தொட்டியில ஊத்தினேன், செடி பட்டுப்போச்சு."

"அந்த மருந்தைக் குடிச்சிருந்தா உங்க குறட்டையாவது நின்னிருக்கும். இந்த வாரம் பூரா நான் ஒரு கண்ணு தூங்கல. காலையில எழுந்து, நல்ல தூக்கம்னு சொல்றேன்."

"நல்ல தூக்கம்னு சொன்னா நம்பத்தானே செய்வாங்க?"

அவ்வளவு கோபத்திலும் வார்த்தைகளின் வாலில் தொங்கிய 'ங்க'வை இருவருமே கீழே விடவில்லை. பக்கத்துப் பால்கனிக்காரர் துணி எடுக்க வந்தவர், எடுத்த துணியைத் திரும்பக் காயப்போட்டுவிட்டு நின்று கேட்டார். கடைசியில் மூச்சு வாங்கி இருவரும் ஓய்ந்தபோது, கதவருகே சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்தது" என்றாள். "இவருக்குக் குறட்டைன்னு நான் சொன்னா நம்ப மாட்டார். இப்போ சாட்சி கிடைச்சுது. அண்ணா, நீங்க உட்காருங்க, காபி கொண்டுவரேன்."

மருந்துக்கடைக்காரர் சம்பந்திக்காகக் காத்திருக்காமல் உட்கார்ந்தார். கால் வலித்தது. பாலிஷ்காரரும் உட்கார்ந்தார். காபியைக் குடித்து முடித்தார்கள்.

"மகன் நாளைக்கு வந்துடுவான்" என்றார் பாலிஷ்காரர்.

"தெரியும்."

"பின்தெருவுல ஒரு வெல்டிங் பட்டறை பாத்தேன். அலுமினியமும் பண்ணுவோம்னு போர்டு போட்டிருக்கான்."

"முன்னாடியே பாத்து வெச்சிட்டீங்களா?"

"நேத்து சத்தம் மாறினதும் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்று பாலிஷ்காரர் ஒப்புக்கொண்டார். மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சண்டை நீர்த்துப்போகும் என்று அடக்கிப் பார்த்தார்; முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் பாலிஷ்காரருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

ஹெட்டைத் துணியில் கட்டி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுபோவதுபோல் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனார்கள். வெல்டிங்காரர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு பண்ணினது?"

"இவரு" என்று இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றார் வெல்டிங்காரர். "ஆனா எதுக்கு?"

அவர் ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். வெல்டிங் சூட்டில் ஹெட் லேசாக வளைந்திருக்கும் என்று, அடிப்பக்கத்தை மறுபடியும் மட்டமாகச் சீவி வாங்கவேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து, வெல்டிங்கில் எழும்பி நின்ற மேட்டை மருந்துக்கடைக்காரர் சீவினார். பாலிஷ்காரர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"போதும். நிறுத்துங்க."

நிறுத்தினார். சரியான இடம்தான். என்ன சுலபமான வார்த்தை என்று இருவருக்குமே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை இருவரும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். "அந்த ஓரத்துல கை நடுங்குது, எடுங்க", "டார்ச்சைக் கோணலா பிடிச்சிருக்கீங்க", "மூச்சை என் கழுத்துல விடாதீங்க" என்று பேச்சு வளர்ந்தது. ஒரு வாரம் பிடித்த வேலையில் பாதி, ஒரு சாயங்காலத்தில் முடிந்தது.

காற்றுப் பக்கம்தான் கஷ்டம். கரடான எமரித் தாளைக் கையில் கொடுத்துக் கண்ணாடியை மங்கலாக்கச் சொன்னபோது பாலிஷ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெத்த புள்ள மூஞ்சில கரி பூசற மாதிரி இருக்கு" என்றார். முதல் துவாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்தார். நான்காவதுக்கு வந்தபோது, சொரசொரப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை கேஸ்கெட்டோடு வந்தான். மேசைமேல் இருந்த ஹெட்டைப் பார்த்தான். ஒரு துவாரத்தில் விரலை விட்டான். விரலோடு கூட இன்னொரு விரலும் போயிற்று.

"அப்பா…"

"உண்மையைச் சொல்லு. எப்படி இருக்கு?" என்றார் பாலிஷ்காரர்.

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். "உண்மையைத்தான் கேக்கறார்" என்றார் அவர்.

"பயமா இருக்குப்பா."

"எங்களுக்கும்தான். வா, மாட்டுவோம்."

மூன்று பேருமாக மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பியது. சத்தம்தான் மாறியிருந்தது. முன்பு முனகிக்கொண்டிருந்த வண்டி இப்போது தொண்டையைத் திறந்து பேசியது. மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் பாலிஷ்காரர், பின்னால் மருந்துக்கடைக்காரர், மகள், சம்பந்தியம்மா என்று மொத்தக் குடும்பமும் ஏறிக்கொண்டது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்த ஏற்றத்துக்கு வந்தார்கள்.

பாதி மேட்டில் வண்டி இருமியது. திணறியது. முன்பைவிட மோசமாக நிற்கப் பார்த்தது. வழியை அளவுக்கு மேல் அகலமாக்கினால் மெதுவாகப் போகும்போது காற்றுக்கு வேகம் இருக்காது, இழுவை குறையும் என்று ஒரு வீடியோவில் சொன்னது மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முன்பென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளை, தயங்காதீங்க. கியரைக் குறைச்சு நல்லா மிதிங்க. இது இனிமே மெதுவா போற வண்டி இல்ல. அதுக்கு நாங்க வழியே வெக்கல."

மாப்பிள்ளை மிதித்தான். இருமல் நின்றது. பிறகு, தூக்கத்தில் வால் மிதிபட்ட காளைமாதிரி வண்டி ஒரு உறுமலோடு எகிறியது. எல்லோருடைய முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது. இருபக்கமும் ஜன்னல்கள் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் வழக்கம்போல் நலம் விசாரிக்க வாயைத் திறந்தார்; மூடுவதற்குள் வண்டி மேட்டின் உச்சியில் இருந்தது.

எஞ்சினை அணைத்ததும் மகள்தான் பேசினாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வண்டியை வித்துடலாம்னு ஆள் பேசி வெச்சிருந்தோம். கேஸ்கெட் மாட்டினதும் குடுத்துடறதா இருந்தோம்."

பாலிஷ்காரர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, டேஷ்போர்டில் இல்லாத தூசியை மெல்லத் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்க்க மருந்துக்கடைக்காரருக்கு மனசு என்னவோ செய்தது. எருமை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றார் பாலிஷ்காரர் மகனிடம்.

"எப்படிப்பா சொல்றது?"

"வாயாலதான்."

பிறகு பின்னால் திரும்பினார். "சம்பந்தி, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா, வேற ஒருத்தன் வண்டிக்காக ஒரு வாரம் கரி தின்னிருப்பேனா?"

பாலிஷ்காரரின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "உங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதானே?" என்றார் மகனிடமும் மருமகளிடமும். "புது வண்டி வாங்கிக்குங்க. இதை யாருக்கும் குடுக்க வேண்டாம். இந்தத் தெருவுல மெதுவா போகத் தெரியாத வண்டியை வாங்கினவன் நம்மளைத்தான் திட்டுவான். நானே ஓட்டிட்டுப் போறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சம்பந்தி, நீங்க பஸ்ஸுக்குப் போக வேண்டாம். போற வழியில உங்களை விட்டுடறேன்" என்றார்.

மறுநாள் பெரியவர்கள் மூவரும் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை வந்ததும் வண்டிக்கு இறக்கை முளைத்தது. பாலிஷ்காரர் ஒரு பேருந்தைத் தாண்டினார். அதில் வந்த ருசியில் இன்னொன்றையும் தாண்டினார். "மெதுவா போங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "முடியாதுங்க, இருமும்" என்றார் பாலிஷ்காரர். "பெட்ரோல் வாசனை வருது", "உங்க மூக்கு மருந்துக்கடை மூக்கு, எல்லாம் வாசனை வரும்", "ஜன்னலை மூடுங்க", "மூடினா பின்னால இருக்கிறவளுக்குக் காத்து வராது", "பின்னால இருக்கிறவங்களைக் கேட்டீங்களா?" என்று வழிநெடுகப் பேச்சு ஓயவில்லை.

மருந்துக்கடை வாசலில் வண்டி உறுமலோடு வந்து நின்றபோது, கல்லாவில் இருந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் கண்ட காட்சி: பானட் திறந்திருந்தது, மூன்று வருடமாகப் பூப்போல் பழகிய இரண்டு சம்பந்திகளும் அதன்மேல் குனிந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கார்பரேட்டரைப் பெருசா மாத்தினாத்தான் சரிவரும்னு சொல்றேன்."

"வீடியோ பாத்துட்டு நீங்க சொல்லுவீங்க. இன்னொரு தடவை இதுல கை வெச்சீங்கன்னா, சம்பந்தின்னுகூடப் பாக்க மாட்டேன்."

அவள், மகளின் குடித்தனத்தில் என்ன இடி விழுந்ததோ என்று ஓடிவந்து, காரிலிருந்து இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சம்பந்தியம்மா, என்ன ஆச்சு இவங்களுக்கு? ஏதாவது தப்பா நடந்துபோச்சா?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காங்க" என்றாள் சம்பந்தியம்மா. "உங்க கடையில தலைவலி மாத்திரை இருக்கா?"

"இருக்கே. எத்தனை வேணும்?"

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தாள். பாலிஷ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கைபேசியில் எதையோ தேடி எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

"அட்டையோட குடுங்க" என்றாள்.